பிரான்ஸ் கால்வாயில் ஒரு வாரம்: படகை நாமே ஓட்டிப் போக முழு வழிகாட்டி

தெற்கு பிரான்ஸில் ஓம்ப்ஸ் என்ற சின்ன ஊரிலிருந்து கொலோம்பியே என்ற இன்னொரு சின்ன ஊர் வரை கால்வாய் வழியாக ஏறக்குறைய 55 கிலோமீட்டர். காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாங்கள் போய்த் திரும்ப ஏழு நாள் எடுத்துக்கொண்டோம். அதில் ஒரு மணி நேரம்கூட வீணாகத் தோன்றவில்லை.

இந்தப் பயணத்துக்குப் படகு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, உரிமமும் தேவையில்லை. வாடகைப் படகைக் கையில் ஒப்படைக்கும்போது கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்து, அந்த வாரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு தற்காலிகச் சீட்டைத் தருவார்கள். அவ்வளவுதான். ஆனால் திட்டம் போடுவதில் தப்பு செய்தால் வாரம் முழுக்க ஓட்டமும் பதற்றமுமாகவே போய்விடும். அதனால் இந்த வழிகாட்டியில் திட்டத்துக்கும், நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டியான லாக்குக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: எந்தக் கால்வாய்?

பிரான்ஸில் படகு போகக்கூடிய ஆறுகளும் கால்வாய்களுமாக ஏறக்குறைய 8,500 கிலோமீட்டர் நீர்வழி இருக்கிறது. எல்லாமே நல்ல இடங்கள்தான், ஆனால் எல்லாம் முதல் பயணத்துக்கு ஏற்றவை அல்ல. பர்கண்டி கால்வாய் 242 கிலோமீட்டர், அதில் 189 லாக்குகள். திராட்சை மலைகளும் பழைய கோட்டைகளும் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் கயிற்றைப் பிடித்தே கை ஓய்ந்துவிடும். அதற்குப் பக்கத்தில் உள்ள நிவெர்னே கால்வாய் 174 கிலோமீட்டர், அமைதியானது, காடும் மேய்ச்சல் நிலமுமாகப் போகும். இரண்டாவது பயணத்துக்கு அதைத்தான் சொல்வேன். கிழக்கே மார்ன்-ரைன் கால்வாயில் அர்ஸ்வில்லே என்ற இடத்தில் படகை ஒரு தொட்டியோடு சேர்த்து மலைச்சரிவில் 44 மீட்டருக்கு மேல் இறக்குகிறார்கள். 1969-இல் வந்த அந்த ஏற்பாடு 17 லாக்குகளின் வேலையைச் செய்கிறது.

முதல் தடவைக்கு என் தேர்வு கனால் து மிதி, நம் வசதிக்கு மிதி கால்வாய். துலூஸ் நகரத்தில் தொடங்கி மத்தியதரைக் கடலை ஒட்டிய தோ ஏரியில் முடியும் 240 கிலோமீட்டர். 1666-இல் தொடங்கி 1681-இல் முடித்தார்கள். கட்டியவர் பியேர்-பால் ரிக்கே. உப்பு வரி வசூலிக்கும் குத்தகைதாரராக இருந்தவர், பொறியாளர் படிப்பு எதுவும் இல்லை. பதினான்காம் லூயி மன்னரின் அனுமதியோடு, சொந்தச் சொத்தையும் போட்டு இந்த வேலையை நடத்தினார். உச்சத்தில் 12,000 பேர் வேலை செய்தார்கள். மழை நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் கூலி கொடுத்தார் என்பது அந்தக் காலத்தில் கேள்விப்படாத விஷயம். கால்வாய் திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1680 அக்டோபரில் இறந்துபோனார். 1996-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதைத் தேர்ந்தெடுக்க நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. அர்ஜான்ஸ் என்ற ஊரின் லாக்கைத் தாண்டினால், பெஸியே நகரத்துக்கு முன்னால் உள்ள ஃபோன்செரான் வரை 54 கிலோமீட்டருக்கு ஒரு லாக்கும் கிடையாது. கூடியவரை மேடு வெட்டாமல், பள்ளம் தூர்க்காமல், நிலத்தின் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு ரிக்கே கால்வாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார். புதிதாக ஓட்டுகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை.

படகை ஓட்டவே வேண்டாம், உட்கார்ந்து பார்த்தால் போதும் என்பவர்களுக்குப் பெனீஷ் ஹோட்டல்கள் உண்டு. பழைய சரக்குப் படகைத் தங்கும் விடுதியாக மாற்றியது. மாலுமியும் சமையற்காரரும் கூடவே வருவார்கள். ஆறு இரவுக்கு ஒருவருக்கே பல ஆயிரம் யூரோ ஆகும். வயதான பெற்றோரோடு போகிறவர்கள் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு ஸ்டீரிங்கை நாமே பிடிப்பதில்தான் பாதி மகிழ்ச்சி.

இரண்டாம் படி: எப்போது?

படகு சீசன் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை. குளிர்காலத்தில் பராமரிப்புக்காகக் கால்வாயை மூடி, சில பகுதிகளில் தண்ணீரையே வடித்துவிடுவார்கள். மே கடைசி, ஜூன், செப்டம்பர்: இவைதான் சரியான நேரம். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம், வாடகையும் அதிகம். மே 1 அன்று லாக்குகளுக்கு விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள். வறட்சி வருடங்களில் மேட்டுப் பகுதியில் தண்ணீர் குறைந்து கட்டுப்பாடு வரலாம். கால்வாயைப் பராமரிக்கும் வி.என்.எஃப். என்ற அரசு நிறுவனம் இதையெல்லாம் முன்கூட்டி அறிவிக்கும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்கு நேரம் விடுங்கள். படகு முன்பதிவுச் சீட்டையும், ஏறுவதற்கு முந்தைய இரவுக்கும் இறங்கிய இரவுக்கும் ஹோட்டல் பதிவையும் சேர்த்துத் தங்குமிடச் சான்றாகக் கொடுத்தோம்.

மூன்றாம் படி: கணக்கு

முதல் தடவை நான் வரைபடத்தை விரித்துக் கிலோமீட்டரை மட்டும் கூட்டினேன். கஸ்தெல்நோதாரி என்ற ஊரில் ஏறி பெஸியே வரை போகலாம் என்று முடிவுசெய்து எல்லோரிடமும் சொல்லியும்விட்டேன். லாக்குகளை எண்ணியபோதுதான் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டிவரும் என்று புரிந்தது. அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போட்டதுதான் அந்தப் பயணத்துக்காக நான் செய்த நல்ல காரியம்.

கணக்கு இப்படி. வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போதும் வளைவிலும் குறைக்க வேண்டும். ஆகவே சராசரி 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். லாக் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும், காத்திருப்பையும் சேர்த்து, 20 நிமிடம் கூட்டுங்கள். கோடையில் வரிசை நின்றால் இது இரண்டு மடங்காகும். லாக்குகள் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்குள் மூடிவிடும். மதியம் 12.30-லிருந்து 1.30 வரை சாப்பாட்டு இடைவேளை. அந்த நேரத்தில் லாக் வாசலில் போய் நின்றால், நாமும் சமைத்துச் சாப்பிட வேண்டியதுதான். வாடகைப் படகை இருட்டில் ஓட்ட அனுமதி இல்லை.

ஒரு நாளைக்கு நான்கு மணி நேர ஓட்டம், அதற்கு மேல் வேண்டாம். மீதி நேரத்தில்தான் ஊர் இருக்கிறது, சந்தை இருக்கிறது, கரையில் சைக்கிள் பாதை இருக்கிறது.

எங்கள் வாரம் இப்படிப் போனது. சனிக்கிழமை மாலை ஓம்ப்ஸில் படகு வாங்கி அங்கேயே தூக்கம். ஞாயிறு நான்கு இடங்களில் லாக் இறங்கி, வான்தெனாக் வரை. திங்கள் ஒரே ஒரு மணி நேரம் ஓட்டி லெ சொமாய். செவ்வாய் கபெஸ்தாங். புதன் மல்பா சுரங்கம் வழியாகக் கொலோம்பியே போய், மாலையில் திரும்பி புவால் கிராமத்தில் தங்கல். வியாழன் மறுபடி லெ சொமாய். வெள்ளி மாலை ஓம்ப்ஸ். இந்தப் பாதையில் போகும்போது லாக்குகள் எல்லாம் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். இறங்குவது எளிது. எளிதானதில் பழகிவிட்டுக் கடினமானதைச் செய்கிறோம்.

நான்காம் படி: படகும் பணமும்

உங்கள் ஆட்களுக்குத் தேவையானதைவிட ஒரு அறை அதிகமுள்ள படகாகப் பார்த்து எடுங்கள். நால்வர் படகு என்று போட்டிருப்பதில் பெரும்பாலும் இருவர் சாப்பாட்டு மேசையை மடக்கிப் படுக்க வேண்டியிருக்கும். நால்வருக்கு வசதியான படகு, சீசனையும் படகின் வயதையும் பொறுத்து, வாரத்துக்கு ஏறக்குறைய 1,000-லிருந்து 2,500 யூரோ வரை. இதற்கு மேல் டீசல் தனி. எஞ்சின் ஓடிய மணிக்கணக்கில் கணக்குப் பார்ப்பார்கள். சைக்கிள் வாடகை, சுத்தம் செய்யும் கட்டணம், சேதத்துக்கான முன்பணம் எல்லாம் தனித்தனி. முன்பணத்துக்குப் பதிலாகக் காப்பீடு கொடுப்பார்கள். முதல் தடவை போகிறவர்கள் அதை எடுத்துவிடுங்கள். படகு கல்லில் உரசாமல் யாரும் திரும்பி வருவதில்லை.

சைக்கிளில் கஞ்சத்தனம் வேண்டாம், இருவருக்கு ஒன்றாவது எடுங்கள். ரொட்டிக் கடைக்குப் போக, அடுத்த லாக்கில் கூட்டம் பார்த்து வர, எல்லாவற்றுக்கும் அதுதான். முன்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும் சின்ன மோட்டார் சில படகுகளில் இருக்கும், பௌ த்ரஸ்டர் என்பார்கள். கூடுதல் பணம் கேட்டாலும் தகும். இந்தப் பக்கம் செர்ஸ் என்று ஒரு மேற்குக் காற்று அடிக்கும். அது வீசும் நாளில் துறைமுகத்தில் படகை நிறுத்தும்போது அந்த மோட்டாரின் அருமை தெரியும்.

பெட்டி வேண்டாம், மடக்கி வைக்கக்கூடிய பைகளில் துணி கொண்டுபோங்கள். தோட்ட வேலைக்கான கையுறை இரண்டு ஜோடி, வழுக்காத செருப்பு, டார்ச், கொசு மருந்து. படகில் எரிவாயு அடுப்பும் சின்ன ஃபிரிட்ஜும் பாத்திரங்களும் இருக்கும், குக்கர் இருக்காது. பாரிஸ் வழியாகப் போகிறவர்கள் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேல் பகுதியில் உள்ள தமிழ்க் கடைகளில் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள் எல்லாம் வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் பாரிஸிலிருந்து டி.ஜி.வி. என்ற அதிவேக ரயிலில் நர்போன், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் லெஸிஞான், அங்கிருந்து டாக்ஸியில் ஓம்ப்ஸ். டாக்ஸியை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நிலைய வாசலில் காத்து நிற்காது.

ஐந்தாம் படி: ஸ்டீரிங்

படகுக்கு பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஒரு விநாடி விட்டு, பின்னோக்கிய கியரில் போட வேண்டும். பத்து டன் எடையுள்ள படகு அதற்குப் பிறகும் தன்பாட்டுக்குக் கொஞ்ச தூரம் போகும்.

இன்னொன்று, ஸ்டீரிங்கைத் திருப்பியவுடன் படகு திரும்பாது. மூன்று, நான்கு விநாடி கழித்துத்தான் மூக்கு நகரும். அது வரவில்லையே என்று இன்னும் திருப்பினால், திரும்ப ஆரம்பித்த பிறகு நிற்காது. முதல் மணி நேரம் எல்லோரும் கால்வாயில் கோலம் போடுவார்கள். கொஞ்சம் திருப்பு, பொறு, மூக்கு நகர ஆரம்பித்ததும் எதிர்ப்பக்கம் திருப்பு. இது கைக்கு வந்துவிட்டால் நேரான இடத்தில் ஓட்டுவது எளிது. எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். பாலம் வரும்போது கூரையில் இருப்பவர்கள் இறங்க வேண்டும், குடையை மடக்க வேண்டும். கபெஸ்தாங்கில் உள்ள கல் பாலம் மிகத் தாழ்ந்தது, வளைவும் குறுகல். சரியாக நடுவில், நடக்கும் வேகத்தில் போங்கள்.

ஆறாம் படி: லாக்

மேட்டுத் தண்ணீருக்கும் பள்ளத்துத் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு கதவு போட்ட கல் தொட்டிதான் லாக், பிரெஞ்சில் எக்லூஸ். படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை விட்டோ வடித்தோ படகை ஏற்றி இறக்குவார்கள். மிதி கால்வாயின் லாக்குகள் முட்டை வடிவில் இருக்கும். ஆரம்ப காலத்தில் நேர்ச் சுவர் வைத்துக் கட்டிய ஒரு லாக் மண் அழுத்தத்தில் இடிந்து விழுந்தது. அதன் பிறகு ரிக்கே சுவரை வெளிப்பக்கமாக வளைத்துக் கட்டினார், வளைவு மண்ணைத் தாங்குவதற்காக. முந்நூற்றைம்பது வருடமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

ஏறும்போது செய்ய வேண்டியதை ஒரு லாக்கை வைத்தே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் பெஷ்லோரியே. இரண்டு தொட்டிகள் அடுத்தடுத்து. லாக்குக்கு முன்பே கரையில் ஒருவரை இறக்கி, மேலே நடந்துபோகச் சொன்னோம். படகு மெல்ல உள்ளே வந்தது. இரு பக்கமும் பாசி பிடித்த ஈரச் சுவர் தலைக்கு மேலே எழுந்து நின்றது. கிணற்றுக்குள் இறங்கியது போன்ற குளிர்ச்சி, அதே வாசனை. மேலே நின்றவருக்கு முன்கயிற்றை வீசினோம். அவர் அதை இரும்புக் குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையைப் படகுக்கே திருப்பிப் போட்டார். பின்கயிறும் அப்படியே. பின்பக்கக் கதவு மூடியது. முன்கதவில் உள்ள மடையைக் காவலர் திறந்ததும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து படகின் மூக்கைப் பின்னால் தள்ளியது. முன்கயிற்றைப் பிடித்திருந்தவர் படகு ஏற ஏறக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடத்தில் ஈரச் சுவர் கீழே போய், கரையின் புல்லும் காவலர் வீட்டு ரோஜாச் செடியும் கண்மட்டத்துக்கு வந்தன.

கயிற்றை ஒருபோதும் முடிச்சுப் போடாதீர்கள். குறிப்பாக இறங்கும்போது. தண்ணீர் வடிந்துகொண்டே போகும்போது கயிறு கட்டியிருந்தால் படகு சுவரில் தொங்கிவிடும். ஒரு சுற்று போட்டுக் கையில் பிடித்து, இறங்க இறங்க விட்டுக்கொடுங்கள். இறங்கும்போது பின்பக்கக் கதவை ஒட்டி நிற்காதீர்கள், அங்கே தண்ணீருக்கு அடியில் ஒரு கல் விளிம்பு இருக்கிறது. அதில் படகின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டால் ஆபத்து. எல்லாவற்றையும்விட முக்கியம்: படகுக்கும் சுவருக்கும் நடுவில் கையையோ காலையோ கொடுக்காதீர்கள். படகு இடித்தால் இடிக்கட்டும், அதற்குத்தான் பக்கத்தில் ரப்பர் உருளைகள் தொங்குகின்றன. பிள்ளைகளுக்கு லாக்கில் எப்போதும் உயிர்காப்பு உடை. யாராவது தண்ணீரில் விழுந்தால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள், பிறகு மற்றது.

லாக் காவலருக்கு 'போன்ஷூர்' சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள். அவர் உங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: மோந்தானா, அவாலானா? மேலே ஏறுகிறீர்களா, கீழே இறங்குகிறீர்களா என்று அர்த்தம். பயணிகளை ஏற்றிய பெரிய படகு வந்தால் அதற்கு முன்னுரிமை, வழிவிட வேண்டும்.

ஏழாம் படி: இரவு எங்கே கட்டுவது

துறைமுகத்தில் கட்டினால் சின்னக் கட்டணம், தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கும். குடிதண்ணீர்த் தொட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது நிரப்புங்கள். நான்கு பேர் குளித்தால் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீரும். மற்ற இரவுகளில் வெட்டவெளியில், கரையோரம் கட்டலாம். வளைவு, பாலம், லாக் அருகே மட்டும் கூடாது. படகில் இரண்டு இரும்பு முளைகளும் ஒரு சுத்தியலும் இருக்கும். கரையில் இருந்து ஓரடி தள்ளி, சாய்வாக அடித்துக் கட்டுங்கள். கயிறு சைக்கிள் பாதையின் குறுக்கே போகக்கூடாது.

மரத்தில் கட்டாதீர்கள். இதைச் சட்டம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மிதி கால்வாயின் இரு கரையிலும் 42,000 பிளேன் மரங்கள் நின்றன. பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் நட்டவை. இரு பக்கமும் கிளைகள் மேலே கைகோத்து, கால்வாய் முழுவதும் பச்சைப் பந்தலாக இருந்தது. 2006-இல் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து கிடையாது. பட்டையில் ஏற்படும் காயம் வழியாக நுழையும், தண்ணீரிலும் பரவும். படகு வேரில் உரசினாலோ கயிறு பட்டையை அறுத்தாலோ அதற்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. நோய் வந்த மரத்தையும் சுற்றியுள்ளவற்றையும் வெட்டி அங்கேயே எரிக்கிறார்கள். பல்லாயிரம் மரங்கள் போய்விட்டன. திங்கள் காலை அப்படி ஓர் இடத்தைக் கடந்தோம். வெயில் சட்டென்று முகத்தில் அடித்தது. இரு கரையிலும் வரிசையாக வட்ட அடிமரங்கள், நடுநடுவே மூங்கில் கழியில் கட்டிய கைத்தடி மொத்தக் கன்றுகள். நோயைத் தாங்கும் பிளேன் வகையோடு வேறு மரங்களையும் கலந்து நடுகிறார்கள். அவை பந்தலாக இன்னொரு தலைமுறையாவது ஆகும். மிஞ்சியிருக்கும் மரங்களுக்கு நம்மால் ஆனது, கயிற்றைத் தள்ளி வைப்பதுதான்.

எட்டாம் படி: வழியில் நிற்க வேண்டிய இடங்கள்

ஓம்ப்ஸிலிருந்து சைக்கிளில் ஓலோன்ஸாக் சந்தை, செவ்வாய் காலை. செவ்வாய்க்கிழமை அங்கே இருக்கும்படி திட்டம் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். வழியெங்கும் லூக் என்ற பச்சை ஆலிவ் கிடைக்கும், பிறைநிலா போல வளைந்தது, வெண்ணெய் மாதிரி இருக்கும். வான்தெனாக்குக்குக் கொஞ்சம் முன்னால் ரெப்புத்ர் என்ற ஓடைக்கு மேலே கால்வாய் பாலமாகப் போகிறது. 1676-இல் கட்டியது. படகில் இருந்தால் பாலம் இருப்பதே தெரியாது. கட்டிவிட்டு இறங்கி, கீழிருந்து பாருங்கள்.

லெ சொமாயில் அரை நாள் போதாது. கூன் முதுகுப் பாலம், சின்னத் தேவாலயம், பழைய புத்தகங்கள் கூரை வரை அடுக்கிய ஒரு கடை. அந்த ஊரைத் தாண்டியதும் செஸ் ஆற்றின் மேல் வோபான் என்ற ராணுவப் பொறியாளர் அமைத்த நீர்ப்பாலம். கபெஸ்தாங்கின் பெரிய தேவாலயக் கோபுரம் தொலைவிலேயே தெரிந்துவிடும். ஆனால் கால்வாய் வளைந்து போவதால் அது ஒரு முறை இடப்பக்கம், ஒரு முறை வலப்பக்கம் என்று நெடுநேரம் நம்மோடு விளையாடும்.

மல்பா சுரங்கம் 165 மீட்டர்தான். ஆனால் ஐரோப்பாவிலேயே படகு போகக் குடைந்த முதல் கால்வாய்ச் சுரங்கம் இது. ஒரு படகுக்குத்தான் வழி. விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்து, எதிரே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு நுழையுங்கள். அதற்கு மேலே என்செரூன் குன்றில் ஏறினால் கீழே மொந்தாதி ஏரி தெரியும். 13-ஆம் நூற்றாண்டில் தண்ணீரை வடித்து வயலாக்கிய ஏரி. வயல்கள் எல்லாம் நடுவிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து சூரியக் கதிர்போல விரிந்திருக்கும். அந்தத் தண்ணீர் இன்றும் நாம் கடந்த அதே குன்றுக்கு அடியில் இன்னொரு சுரங்கம் வழியாக வடிகிறது. நடுவில் ரயில் சுரங்கம் ஒன்றும் போகிறது.

ஃபோன்செரானுக்குப் படகில் போக வேண்டாம். கொலோம்பியேயில் கட்டிவிட்டுச் சைக்கிளில் 6 கிலோமீட்டர் போங்கள். படிக்கட்டுபோல அடுக்கிய தொட்டிகளில் படகுகள் 20 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவதைக் கரையில் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

கடைசிப் படி: ஒப்படைப்பு

சனிக்கிழமை காலை 9 மணிக்கெல்லாம் படகைக் கேட்பார்கள். ஆகவே வெள்ளி மாலையே கிளம்பிய துறைக்கு வந்துவிட வேண்டும். ஏற்ற லாக்குகள் கடைசி நாளில் இருப்பதால் காலை 8 மணிக்கே கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மதிய இடைவேளைக்கு முன் அர்ஜான்ஸைத் தாண்டினால் மீதி நிம்மதி. இரவே பைகளைக் கட்டி, பாத்திரங்களைக் கழுவி, எஞ்சின் மணி மீட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள். புதிய கீறல் ஏதாவது இருந்தால் நீங்களே முதலில் காட்டிவிடுங்கள். அப்புறம் அடுப்பில் கடைசிச் சோற்றை வைத்துவிட்டு, இருட்டும் வரை கூரையில் உட்காருங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்.